வாசலில் மாத்திரையை வாங்கி வைக்கிறவர்களுக்கு

மே மாதம் கடலூரில் கல்யாண மண்டபம் எடுத்து மனநல முகாம் நடத்தப்போகும் அமைப்பாளர்களுக்கு,

உங்கள் நோட்டீஸ் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் டீக்கடைக்கு டீக்கடை கொடுத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இயற்கை உணவு, யோகா, மூச்சுப் பயிற்சி, இதிலெல்லாம் எனக்கு உங்களோடு ஒரு சண்டையும் இல்லை. நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளைத்தான் ஏற்க முடியவில்லை. வருகிறவர்கள் தாங்கள் சாப்பிடும் மனநல மாத்திரைகளை முதல் நாளே வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். முகாம் முடியும்வரை உப்பில்லாத சாப்பாடு, நடுவில் பழச்சாறு மட்டும் குடித்து விரதம். முடிந்து கிளம்பும்போது மாத்திரை திரும்பக் கிடைக்காது, அதற்குப் பதிலாக ஒரு பொடி கொடுத்தனுப்புவீர்கள்.

நான் லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவன். உங்கள் நிபந்தனைகள் என்னைப் போன்ற ஒருவரைக் கொல்லக்கூடியவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து எரிந்துபோன போர் மோட்டார்கள் வரும். பிரித்து, பழைய கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். எனக்கு இருப்பது பைபோலார், மனசு ஒரு சமயம் அளவுமீறி ஏறியும் ஒரு சமயம் அடியோடு இறங்கியும் போகும் நோய். வாலிப வயசில் வந்தது. முதலில் அது நோயென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ராத்திரி பகல் பாராமல் உழைக்கிறான் என்று மெச்சத்தான் செய்தார்கள். அப்புறம் வட்டிக்குக் கடன் வாங்கி, யாரும் கேட்காத அளவுக்குச் செம்புக் கம்பி வாங்கிக் குவித்தேன். நடுராத்திரியில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்தே போய், படகோரம் படுத்திருந்தவர்களை எழுப்பி, ஊரிலுள்ள எல்லா இன்ஜினையும் காசு வாங்காமல் பழுது பார்த்துத் தருவதாகச் சத்தியம் செய்தேன். அதற்குப் பின்னால் வந்த மாதங்களில் கட்டிலை விட்டு எழவில்லை. சாக வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை ஓடாத மாதங்கள் அவை. தாய்மாமா ஒருவர்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே லித்தியம் ஆரம்பித்தார்கள். இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். கடை ஓடுகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், கம்பி வாங்கிய கடன் அடைந்துவிட்டது. அன்றைக்கு என்னைக் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று சொன்னவர்கள்கூட இப்போது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். இந்த மடலில் பெயர் போடாததற்கும் அவர்கள்தான் காரணம்.

மாத்திரைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். லித்தியம் என் கையை நடுங்க வைத்தது. மெல்லிய கம்பியை ஸ்லாட்டில் இறக்கும்போது கை ஆடினால் கம்பிமேல் இருக்கும் இனாமல் பூச்சு உரசிப் போகும், ஓட்டிய சில நாளில் மோட்டார் ஷார்ட் ஆகித் திரும்பி வரும். சின்ன மோட்டார்களையெல்லாம் கடைப் பையனிடம் விட்டுவிட்டு, தடிமனான கம்பி வேலையை மட்டும் நான் பார்த்த காலம் உண்டு. அளவைக் குறைத்தபோது நடுக்கம் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. தைராய்டு மந்தமாகி அதற்கொரு மாத்திரை கூடச் சேர்ந்தது. தாகம் அடங்காது. இப்படியெல்லாம் ஆகும் என்று ஆரம்பத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. லித்தியம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்தாக வேண்டும் என்பதே ரொம்ப நாள் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால், “தூக்கம் வருதா? சரி, அதையே சாப்பிடுங்க.” சீட்டு கைக்கு வந்துவிடும். நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆகவே உங்கள் முகாமுக்குக் கூட்டம் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் உட்கார வைத்துப் பேசுகிறீர்கள். உடம்பு பெருத்துவிட்டது, மந்தமாக இருக்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, தாம்பத்தியம் போச்சு என்று ஒருவர் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிறீர்கள். இந்தக் குறைகள் எல்லாம் நிஜம். நேரத்துக்குத் தூங்குவது என் நோய்க்கு எவ்வளவு அவசியம் என்பதை மாத்திரைச் சீட்டு எழுதியவர்களைவிட நீங்கள் அழுத்திச் சொல்கிறீர்கள், அதுவும் உண்மை. மருத்துவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குத் தனி மடல் எழுத வேண்டும், எழுதுவேன்.

போன முகாமில் உங்கள் பேச்சாளர் பேசிய வீடியோவை முழுக்கக் கேட்டேன். மூளையிலுள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பது மருந்துக் கம்பெனிகள் கட்டிய கதை, வெளிநாட்டு ஆய்வே அதை உடைத்துவிட்டது என்கிறார். அவர் சொல்வது லண்டன் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃபும் மற்றவர்களும் 2022இல் வெளியிட்ட கட்டுரையை. செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். நோய்க்குக் காரணம் தெரியவில்லை என்பதால் மருந்துக்குப் பலன் இல்லை என்று ஆகிவிடுமா? 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு 522 சோதனைகளை, 1,16,477 பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாகவே கேட்டன என்றது. கூடுதல் என்றால் பெரிய மலையளவு இல்லை, ஓரளவுதான். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவையா என்று டாக்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும், நல்லதுதான்.

என் லித்தியம் எப்படி வேலை செய்கிறது என்று இன்றைக்கும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949இல் மேனியா, அதாவது மனசு அளவுமீறி ஏறிய நிலையில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அடங்குகிறது என்று எழுதினார். லித்தியம் பூமியில் கிடைக்கும் ஒரு தனிமம், மாத்திரையில் இருப்பது அதன் உப்பு. அதற்குக் காப்புரிமை வாங்கி யாரும் கோடீஸ்வரர் ஆகவில்லை. கம்பெனிச் சதி என்ற உங்கள் வாதம் என் மாத்திரையிடம் எடுபடாது.

உங்கள் பேச்சாளர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோய் உள்ளவர்களுக்கு மருந்தைக் குறைத்தால் வாழ்க்கை மேம்படுமா என்று அதே மான்கிரீஃப் இங்கிலாந்தில் 253 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். டாக்டர் மேற்பார்வையில், மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2023இல் முடிவு வெளியானது. இரண்டு வருஷத்தின் முடிவில், குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை குறைக்காதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. நோய் முற்றித் திரும்பியது குறைத்தவர்களிடம்தான் அதிகம். தான் எதிர்பார்த்தபடி வராத முடிவை அவர் ஒளிக்காமல் வெளியிட்டார், அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். மனநல மருந்துகளை உலகத்திலேயே கடுமையாக விமர்சிக்கும் டாக்டர்களில் ஒருவர் அவர். அவரே மாதக்கணக்கில் குறைத்ததை நீங்கள் மண்டப வாசலில் ஒரு டப்பாவை வைத்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

அந்த டப்பாவில் என்னென்ன விழும் என்று யோசித்தீர்களா? உங்கள் நோட்டீஸுக்கு எல்லாமே மனநல மாத்திரை. உடம்புக்கு அப்படி இல்லை. பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனசெபாம், அல்பிரசோலம் மாதிரியானவற்றை ரொம்ப நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வால்புரோவேட்டை மனநோய்க்கும் கொடுக்கிறார்கள், வலிப்புக்கும் கொடுக்கிறார்கள். வலிப்புக்காகச் சாப்பிடும் ஒருவரை வாசலில் நிற்கும் உங்கள் தன்னார்வலர் எப்படி அடையாளம் காண்பார்? மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் நின்றால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்புவதுண்டு. லித்தியத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு மேனியா சீக்கிரமாகத் திரும்புகிறது என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முகாம் வைத்திருப்பது அக்னி நட்சத்திரத்தில். கடலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், காற்றில் இருக்கும் கடல் ஈரத்தில் வேர்த்து ஊற்றும். சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலிருக்கும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உடம்பில் உப்பு குறைந்தால், இருப்பதை வெளியே விடாமல் பிடித்துவைக்கப் பார்க்கும். சோடியத்தைப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரைதான், அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் லித்தியம் ஏறிக்கொண்டே போகும். மருந்தாக வேலை செய்யும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை. 1.5ஐத் தாண்டினால் விஷம். இடைவெளி அவ்வளவுதான். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. வயிற்றால் போகப் போக இன்னும் நீரும் உப்பும் குறையும், லித்தியம் இன்னும் ஏறும். அப்புறம் கை கால் உதறல், நடை தள்ளாட்டம், நாக்குக் குழறல், குழப்பம், வலிப்பு. இதை நேரில் பார்க்கும் உங்கள் ஆள் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உடம்பிலிருக்கும் கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்பார். முகாம் வீடியோவில் இரண்டு இடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாத்திரையைத்தான் வாசலிலேயே வாங்கிவிடுகிறோமே, பிறகெப்படி ஏறும் என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பிள்ளை மறுபடி பழையபடி ஆகிவிடுவானோ என்று பயந்த அம்மா, ஒரு ஸ்ட்ரிப்பை டப்பாவில் போட்டுவிட்டு இன்னொன்றை முந்தானையில் முடிந்துகொண்டுதான் உள்ளே வருவாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பிள்ளைக்குக் கொடுப்பாள். பகலில் உப்பில்லாக் கஞ்சி, ராத்திரியில் லித்தியம். உங்களிடம் சொல்லவும் மாட்டாள், நீங்கள்தான் திட்டுவீர்களே.

எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் உங்கள் போன முகாமுக்கு வந்தான். குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன். அவனுக்கு மனச்சிதைவு. மாத்திரையை உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தவன், முதல் சில வாரம் அருமையாக இருந்தான். மந்தம் விலகிவிட்டது, முகம் தெளிந்தது, அம்மாவோடு உட்கார்ந்து பேசினான், மார்க்கெட்டுக்குப் போய் வந்தான். உங்கள் ஆட்கள் வந்து வீடியோ எடுத்தது அப்போதுதான். அது பொய் வீடியோ இல்லை, அவன் நிஜமாகவே நன்றாக இருந்தான். மந்தமாக்குகிற மருந்தை நிறுத்தினால் மந்தம் உடனே விலகும், நோய் திரும்புவதற்கு வாரமோ மாதமோ ஆகும். அந்த நடுக் காலத்தில் யாரைப் படம் பிடித்தாலும் குணமானவர் மாதிரிதான் தெரிவார். அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டான், அக்காவின் கையை முறித்தான், கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் உள்ளேயே கிடந்தான். பழைய நிலைமைக்கு இன்னும் வரவில்லை. முன்பு கேட்ட அளவு மருந்து இப்போது அவனுக்குக் கேட்கவும் இல்லை. அவன் அம்மா உங்கள் எண்ணுக்குப் போன் செய்தபோது, நம்பிக்கை குறைந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் வீடியோவில் மட்டும் அவன் இன்னும் குணமானவனாகவே இருக்கிறான்.

இது ஒரு பையனின் கதை, பொதுவாகச் சொல்லாதே என்பீர்கள். 2012இல் இதே லான்செட்டில் 65 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனச்சிதைவுக்கு மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது 100க்கு 27 பேருக்கு. நிறுத்திப் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 64 பேருக்கு. இந்தக் கணக்கில் உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது: நிறுத்தியும் 36 பேருக்கு ஒரு வருஷம்வரை திரும்பவில்லை. அந்த 36 யார் யார் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை. உங்கள் டப்பாவுக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் மகளுடைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று கூட்டி வரும் பெற்றோர்தான் முகாமில் பாதிப் பேர் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கவலையைக் கேலி செய்ய மாட்டேன், என் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்தது. வால்புரோவேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே கல்யாண வயசுப் பெண்ணுக்கு மாத்திரையை மாற்றுவது தேவையான காரியமும்தான். அதை மாற்றிக் கொடுக்க வேண்டியது டாக்டர். அந்தப் பெண்ணை அவரிடம் திருப்பி அனுப்பியிருந்தால் புண்ணியம் கிடைத்திருக்கும்.

கடைசி நாள் கொடுக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் எழுதப்படவில்லை. மூலிகைதான், பக்கவிளைவு கிடையாது என்கிறீர்கள். சர்ப்பகந்தியும் மூலிகைதான். மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அது கேட்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதினார்கள். 1950களில் அதிலிருந்து பிரித்த ரிசர்பினை அமெரிக்க மனநல ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். நம் மண்ணின் வேருக்குக் கிடைத்த பெருமைதான். ஆனால் அதிலும் ரத்த அழுத்தம் விழுந்தது, சிலருக்கு மனச்சோர்வு வந்தது, பின்னாளில் கைவிட்டார்கள். வேலை செய்கிற எதற்கும் அளவு உண்டு, கெடுதலும் உண்டு. உங்கள் பொடி வேலை செய்யும் என்றால் அதற்கும் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மனநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அட்டவணையில் மனநோயும் வலிப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் இந்த மாதிரி இடங்களை நாடு திரும்பிப் பார்த்தது. உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை, நீங்கள் யாரையும் கட்டிப்போடுவதில்லை. பதிவு எண்ணைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

என் கோரிக்கைகள் இவை. மாத்திரையை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு நோட்டீஸை மறுபடி அச்சடியுங்கள். முகாமில் மாத்திரையைத் தொடரலாம் என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள். பெயர் பதியும்போதே யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உப்பில்லாச் சாப்பாடும் விரதமும் வேண்டவே வேண்டாம், வழக்கமான உப்பு, தாராளமாகத் தண்ணீர். மற்றவர்களுக்கும் அவரவர் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விரதம். முகாம் நடக்கும் நாளெல்லாம் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் மண்டபத்தில் இருக்க வேண்டும். வாந்தியோ உதறலோ வலிப்போ வந்தால் கழிவு வெளியேறுகிறது என்று சொல்லாமல் 108ஐக் கூப்பிட உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மாத்திரையைக் குறைக்க விரும்புகிறவர் வந்தால் டாக்டரிடம் கூடவே போய் உட்கார்ந்து பேச ஆள் அனுப்புங்கள். பேசத் தெரிந்த ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள், அந்த அறையில் எங்களுக்கு வாய் வருவதில்லை. பொடியில் உள்ள சரக்குகளை அளவோடு பாக்கெட்டில் அச்சிடுங்கள், முடியாதென்றால் கொடுக்காதீர்கள். பதிவு எண் இருந்தால் நோட்டீஸில் போடுங்கள், பக்கத்திலேயே அரசின் இலவச மனநல உதவி எண் 14416ஐயும் போடுங்கள்.

எங்கள் தெருப் பையனின் வீடியோவை உடனே எடுத்துவிடுங்கள். அவன் அம்மா ஏற்கனவே கேட்டிருக்கிறார். இனிமேல் யாரையாவது குணமானவர் என்று காட்டுவதானால், முகாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள், திரும்பி விழுந்தவர்களையும் சேர்த்து.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று முகாமுக்கு முன்பதிவு முடிவதற்குள் நோட்டீஸ் ஒட்டிய அதே இடங்களில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் இந்த மடலும் உங்கள் நோட்டீஸும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகும், அந்த அம்மாவும் கூட வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் காயில் கடைக்காரர்,
கடலூர்